அமெரிக்காவில் படைவீரர் ஒருவர் உயிரை வெறுக்கும்போது குடும்பத்தார் செய்ய வேண்டியவை

படையில் பணியாற்றிய ஒருவர் தாம் எல்லோருக்கும் பாரமாகிவிட்டதாகச் சொல்லத் தொடங்கினாலோ, அருமையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுக்க முற்பட்டாலோ, சுற்றி வளைக்காமல் "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று அவரிடமே கேளுங்கள். கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

ஆம் என்று அவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் 988 என்ற எண்ணை அழைத்து 1-ஐ அழுத்துங்கள். 2007-இல் தொடங்கப்பட்டு இரவு பகலாக இயங்கும் முன்னாள் படைவீரர் நெருக்கடி உதவிச் சேவைக்கு அழைப்பு போகும்; அதில் குடும்பத்தாரும் பேசலாம். பேசத் தயங்குபவர் 838255-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆபத்து கண்ணெதிரே இருந்தால் 911-ஐ அழையுங்கள்.

செலவை எண்ணி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2020-இல் இயற்றப்பட்ட காம்பாக்ட் சட்டத்தின்படி, தகுதியுள்ள முன்னாள் படைவீரர்கள் 2023 ஜனவரி 17 முதல் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் இந்நெருக்கடிக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். உள்நோயாளியாக 30 நாள்வரையும் வெளிநோயாளியாக 90 நாள்வரையும் அது தொடரும். முன்னாள் படைவீரர் நலத்துறையில் முன்பே பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் படையில் இருந்தவர் என்பதை, மருத்துவமனையில் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதைப் பற்றிப் பேசுவதுதான் இவற்றுள் கடினமானது; என் கணிப்பில் முதன்மையானதும் அதுவே. அந்நாட்டு முன்னாள் படைவீரர்களின் தற்கொலைகளில் பத்தில் ஏழு துப்பாக்கியால் நிகழ்கின்றன. உந்துதலின் உச்சம் பெரும்பாலும் சிறிது நேரமே நீடிப்பதால், துப்பாக்கி பூட்டில் இருப்பதும் தோட்டா வேறிடத்தில் இருப்பதும் அந்த நேரத்தைக் கடத்த உதவும். நலத்துறை இதற்கான பூட்டுகளை இலவசமாகத் தருகிறது. பறிமுதல் செய்வதுபோல் பேசினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும் என்பதால், மனம் தெளியும்வரை சாவி யாரிடம் இருக்கலாம் என்பதை அவரையே சொல்ல விடுங்கள்.

இன்னும் பணியில் இருப்பவருக்கு, 2021 டிசம்பரில் கையெழுத்தான பிராண்டன் சட்டம் வழி தருகிறது: காரணம் கூறாமலே மேலதிகாரியிடம் மனநலப் பரிசோதனை கோரலாம்.

நெருக்கடி தணிந்ததும், நலத்துறை மருத்துவமனையில் உள்ள தற்கொலைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளரைச் சந்தித்து, பாதுகாப்புத் திட்டம் ஒன்றைப் படைவீரர் தம் சொற்களிலேயே எழுத உதவுங்கள். மனம் சரியத் தொடங்குவதை எதனால் அறிவார், அப்போது தாமே என்ன செய்து பார்ப்பார், யாரை அழைப்பார் என்பவை அதில் வரிசையாக இருக்க வேண்டும். அழைக்கப்பட வேண்டியவராக உங்கள் பெயர் இருந்தால், அத்திட்டத்தின் நகல் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.