மொராக்கோவில் நலம் விசாரிப்பும் விருந்து மரியாதையும்

காசாபிளாங்காவுக்கோ ரபாத்துக்கோ வேலைக்கு வரும் தமிழர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, நலம் விசாரிக்க நேரம் ஒதுக்குவதைத்தான். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்பது இங்கே மரியாதைக் குறைவாகப் படும், "ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கி, "லாபாஸ்?" என்று நலம் கேட்டு, கடைக்காரர் "லாபாஸ், ஹம்துலில்லாஹ்" (நலம், இறைவனுக்கே புகழ்) என்று சொல்லி உங்கள் வீட்டாரையும் விசாரித்த பிறகே காரியத்துக்கு வருவது நல்லது. தலைவலியைப் பற்றியெல்லாம் உண்மையான பதில் சொல்ல வேண்டியதில்லை. கேள்விக்குக் கேள்வி திருப்பிக் கேட்டாலே போதும்.

கை குலுக்கியதும் வலக்கையை நெஞ்சில் வைப்பார்கள். நீங்களும் அவ்வாறே செய்யலாம். பலர் அமர்ந்திருக்கும் அறையில் ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பதே மரியாதை. பெண்களிடம் ஆண்கள் முந்திக்கொண்டு கை நீட்டாமல் காத்திருக்க வேண்டும். அவர்கள் நீட்டாவிட்டால் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தால் போதும். பழகிய ஆண்கள் தமக்குள் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டுக்கொள்வது நம்மவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதை அவர்களே தொடங்கட்டும்.

வீட்டு விருந்துதான் உண்மையான சோதனை. எச்சில் பார்த்து வளர்ந்தவர்கள், எல்லோரும் ஒரே பெரிய தஜீன் பாத்திரத்திலிருந்து உண்பதைக் கண்டு தயங்குவார்கள். ஆனால் அங்கும் கண்டிப்பான ஒழுங்கு உண்டு: "பிஸ்மில்லா" சொல்லித் தொடங்கி, வலக்கை விரல்களால் ரொட்டித் துண்டைப் பிடித்து, அவரவர் முன்னிருக்கும் பகுதியை மட்டுமே தொட்டுச் சாப்பிட வேண்டும். நடுவிலுள்ள இறைச்சியை நாமாக எட்டி எடுக்கக் கூடாது. வீட்டுக்காரரே பிய்த்து நம் பக்கம் தள்ளிவைப்பார். சைவ உணவுக்காரர்கள் அழைப்பை ஏற்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை குஸ்குஸில் (ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை உணவு) காய்கறியை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம் என்றால், அதுவும் பெரும்பாலும் இறைச்சியோடு சேர்ந்து வெந்ததாகவே இருக்கும்.

கம்பளம் விரித்த அறைக்குள் காலணியோடு செல்லாதீர்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள், இனிப்புப் பலகாரமோ கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியோ பொருத்தமானது. புதினாத் தேநீர் மிகவும் இனிக்கும்; சர்க்கரை நோயாளிகள் காரணத்தைச் சொன்னால் யாரும் வருந்த மாட்டார்கள், மற்றவர்கள் ஒரு குவளையாவது குடிக்க வேண்டும்.

ரமலான் பகல்களில் பொது இடத்தில் உண்பதையும் புகைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். நோன்பு துறப்புக்கு யாராவது அழைத்தால் மக்ரிப் பாங்குக்கு (சூரியன் மறைந்ததும் ஒலிக்கும் தொழுகை அழைப்பு) முன்பே போய்ச் சேருங்கள். பேரீச்சம்பழமும் ஹரீரா சூப்பும் மேசையில் காத்திருக்க, தாமதமாக வரும் விருந்தினரை எதிர்பார்த்து நோன்பாளிகள் உட்கார்ந்திருப்பது நன்றாக இராது.