பங்காய் கார்டினல்: வாய்க்குள் குஞ்சு காக்கும் கடல்மீனைத் திருகோணமலையில் வீட்டுத் தொட்டியில் பெருக்குவது

நிலாவெளிப் பாரில் திரியும் கார்டினல் மீன்களிலும் ஆண்தான் வாய்க்குள் முட்டை காக்கும். ஆனால் பொரித்து வெளியே வருவது கண்ணுக்கு எளிதில் தெரியாத நூல்போன்ற குஞ்சு. வாரக்கணக்கில் மிதந்து நுண்மிதவைகளைத் தின்றுதான் அது மீனாகும். வீட்டில் அதற்குத் தீனி தேடி மாளாது. இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளுக்கே உரிய பங்காய் கார்டினல் அப்படியல்ல. அதன் முட்டையே 2 முதல் 3 மி.மீ. வரும். ஆண் ஏறக்குறைய 20 நாள் முட்டையையும், பொரித்தபின் மேலும் 10 நாளளவில் குஞ்சையும் வாயில் வைத்திருந்து, முழு மீனாகவே வெளியே விடும். விட்ட அன்றே அது ஆர்ட்டீமியாவை (தீனிக்காக வீட்டில் பொரிக்கவைக்கும் நுண்ணிறாலை) கொத்தும். கடல்மீன் பெருக்கத் தொடங்குபவர் இதில் தொடங்குவதே புத்தி.

இந்த இனம் 2007 முதல் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. கடலில் பிடித்து வருபவற்றில் இரிடோவைரஸ் தொற்றும் உண்டு. மீன் கறுத்து, மூலையில் ஒதுங்கி, வேகமாக மூச்சுவாங்கி, வெள்ளை நூலாகக் கழியும். அதற்கு மருந்து இல்லை. ஆகவே தொட்டியில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். அதையும் ஒரு மாதம் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

தண்ணீர்

கடற்கரையில் இருப்பவருக்குக் கடல்நீர் இலவசம்தான், எந்த நாளில் அள்ளுவது என்பதுதான் கேள்வி. கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுகிறது. மாரி மழையில் கலங்கலும் நன்னீரும் கரையோரமாகப் பரவும். உள்துறைமுகத்து நீரைத் தொடவே வேண்டாம். மழையில்லாத மாதங்களில், உப்புவெளி அல்லது நிலாவெளிக் கரையில் இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கி அள்ளி, மூடிய பெரலில் மாரிக்கும் சேர்த்துச் சேமியுங்கள். 100 லீற்றருக்கு வாசனை சேராத 5 வீத பிளீச் 20 மி.லீ. விட்டு, எயார் கல் போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள். பிறகு 7 கிராம் சோடியம் தயோசல்பேற்றைக் கரைத்து ஊற்றுங்கள். டெஸ்ட் கிட்டில் குளோரின் பூச்சியம் என்று காட்டிய பிறகே தொட்டிக்கு. உப்பளத்துக் கல்லுப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்ய நினைக்காதீர்கள். கல்சியமும் மக்னீசியமும் போதாமல் மீன் தாங்காது.

உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025, வெப்பம் 25 முதல் 27 பாகை. கச்சான் (மேல்காற்று) வீசும் மாதங்களில் இரண்டையும் காப்பது பெரும்பாடு. நீர்மட்டத்துக்கு மேலாகச் சிறிய ஃபேன் ஒன்றை ஓடவிட்டால் 2, 3 பாகை இறங்கும். ஆனால் தண்ணீர் அதே வேகத்தில் ஆவியாகி உப்பு ஏறும். கண்ணாடியில் மார்க்கரால் கோடிட்டு, குறைந்த அளவை ஆர்.ஓ. (உப்பு நீக்கி வடித்த) தண்ணீரால் தினமும் நிரப்புங்கள். கரையோரக் கிணற்று நீர் சவர், அது உதவாது. மேற்குச் சுவரோரம் தொட்டியை வைப்பது வேண்டாத வேலை.

மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரத் தொட்டி போதும். 180 லீற்றர் அளவில் கொள்ளும். மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைற்றைற்றும் பூச்சியத்துக்கு வர 4 முதல் 6 வாரம் எடுக்கும், அதுவரை மீன் விட வேண்டாம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 2003 முதல் கடல் தேசியப் பூங்கா. தொட்டி அலங்காரத்துக்கென்று அங்கிருந்து ஒரு முருகைக்கல் துண்டுகூட எடுக்கக்கூடாது.

சோடி

கடையில் பார்த்து ஆண் பெண் பிரிப்பதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். வளர்ந்த ஆணின் கீழ்த்தாடை சற்று அகன்று சதுரமாகத் தெரியும் என்பது உண்மை, ஆனால் இளம் மீனில் தெரியாது. ஐந்தாறு இளம் மீன்களை ஒன்றாக விடுங்கள். சோடி சேர்ந்ததும் அவை இரண்டும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அன்றைக்கே மற்றவற்றை மாற்றாவிட்டால் செட்டை கிழிந்து ஒவ்வொன்றாகச் சாகும்.

தீனி: பொடியாக நறுக்கிய இறால், கணவாய், மீன்சினை, கூனி கிடைத்தால் அதைவிட நல்லது. கழுவி உறைய வைத்துப் பிறகு போடுங்கள். சந்தையில் விற்கும் காய்ந்த கூனி வேண்டாம்.

வாயில் முட்டை

பெண் ஆணோடு ஒட்டி நின்று உடலை நடுக்கும். செம்மஞ்சள் நிற முட்டைத் திரள் வெளியே வந்ததும் ஆண் ஒரே கவ்வில் வாய்க்குள் வாங்கிவிடும். அன்றைய தேதியைத் தொட்டியில் எழுதி ஒட்டுங்கள். தாடைக்குக் கீழே பை தொங்குவதுபோல் புடைத்திருக்கும். தீனி போட்டால் பார்க்கும், தின்னாது. வாய் மெல்லத் திறந்து முட்டைகளைப் புரட்டும்போது உள்ளே செம்மஞ்சள் மின்னும். பிந்திய நாட்களில் அந்த இடத்தில் வெள்ளிக் கண்கள் தெரியும்.

முதல் ஈட்டை ஆண் விழுங்கிவிடுவது சாதாரணம். இரண்டாவது, மூன்றாவதும் போகலாம். காரணம் பெரும்பாலும் நாம்தான்: தொட்டியில் கைவிடுவது, வெளிச்சத்தைச் சட்டென்று போடுவது, பார்க்க ஆட்களைக் கூட்டி வருவது. முதல் 18 நாளும் ஆணைத் தொடவே வேண்டாம். 20, 22ஆம் நாள் இரவில், விளக்கை அணைத்து, பெரிய பிளாஸ்ரிக் ஜக்கை நீருக்குள் சாய்த்து ஆணைத் தண்ணீரோடு எடுத்துக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுங்கள். வலை போட்டால் அந்த நொடியே துப்பிவிடும்.

குஞ்சுகளை விட்டதும் ஆணை எடுங்கள். ஒரு மாதம் பட்டினி கிடந்த மீன் அது. பெண்ணோடு உடனே விட்டால் உடல் தேறுமுன்னே அடுத்த ஈடு வந்துவிடும். இரண்டு வாரமாவது தனியே வைத்து வயிறாரத் தீனி போடுங்கள்.

குஞ்சுகள்

ஓர் ஈட்டில் நாற்பது, ஐம்பது வரலாம். இளம் ஆணிடம் பத்துக்கூட வராது. 40 லீற்றர் தொட்டி, ஸ்பொஞ்ச் ஃபில்டர், மெல்லிய காற்று போதும். கடலில் இவை கறுப்புக் கடல்முள்ளெலி என்ற உருண்டைக் கடலுயிரின் முட்களுக்குள் ஒளியும். சிறு பிளாஸ்ரிக் பந்தில் துளைகளிட்டு, கறுப்புக் கேபிள் டைகளை நெருக்கமாகச் செருகி, மீன்தொட்டி சிலிக்கோனால் ஒட்டினால் அதே வேலை நடக்கும். சிலிக்கோன் காய இரண்டு நாள் விடுங்கள்.

ஆர்ட்டீமியாவுக்கு ஒரு லீற்றர் கடல்நீர், ஒரு கிராம் முட்டை, 28 பாகை, வலுவான காற்று, வெளிச்சம். ஒரு நாளில் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே மிதக்கும், குஞ்சு கீழே சேரும். சிறு குழாயால் இழுத்து, நுண்துணியில் கழுவி, நாளுக்கு நான்கு முறை கொடுங்கள்.

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். முதல் இரண்டு வாரம் எல்லாம் நலமாக இருக்கும். பிறகு ஒரு காலை விளக்கைப் போட்டதும் குஞ்சுகள் துடித்துச் செவுள் விரிந்து சாகும். பயம் அதைத் தூண்டுகிறது. அடிக்காரணம் ஆர்ட்டீமியாவில் ஒமேகா-3, குறிப்பாக டி.எச்.ஏ., போதாதது. பொரித்து எட்டு மணிநேரமாகும்வரை ஆர்ட்டீமியாவுக்கு வாயே திறந்திருக்காது. அதன்பின் செல்கோ போன்ற கொழுப்புக் கரைசலில் 12 மணிநேரம் விட்டு, கழுவிக் கொடுங்கள். முதல் வாரத்திலிருந்தே இப்படிச் செய்யுங்கள். இரவில் ஒரு மங்கல் விளக்கு எரியட்டும். தொட்டியடியில் சேரும் கழிவை எயார் குழாயால் இழுத்து, தினமும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுங்கள். கரண்ட் போகும் நாளுக்கு பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

நான்காவது வாரம் முதல் பொடியாக அரைத்த இறாலுக்குப் பழக்கலாம். 2.5 செ.மீ. ஆகும்போது ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். அப்போதே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்த சோடிக்கென்று நிறுத்துவதானால், ஒரே ஈட்டுக் குஞ்சுகளைச் சேர்க்காமல் வேறொருவரின் ஈட்டோடு மாற்றிக்கொள்ளுங்கள்.