ஹங்கேரியரின் பூர்வீகத்தை மரபணு வழியே ஆராய்வது எப்படி?

முதலில் கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஹங்கேரிய மொழி எங்கிருந்து வந்தது, 895ஆம் ஆண்டையொட்டி ஆர்பாதின் தலைமையில் கார்பாத்தியப் படுகையில் (இன்றைய ஹங்கேரியும் அதன் சுற்றுப்புறமும்) குடியேறியவர்கள் யார், இன்று அங்கே வாழ்வோரின் முன்னோர் யார். மொழிக்கு நெருங்கிய உறவு ஊரல் மலைக்குக் கிழக்கே பேசப்படும் மன்சி, ஹந்தி (Khanty) மொழிகள். இன்றைய ஹங்கேரியரின் மரபணுவோ பெரும்பாலும் அண்டை நாட்டாருடையதையே ஒத்திருக்கிறது. எனவே உயிரோடிருப்பவர்களின் உமிழ்நீரை மட்டும் சோதித்தால், குடியேறியவர்களைப் பற்றி அதிகம் தெரியவராது.

கல்லறையிலிருந்து தொடங்குவதே முறை. திஸா ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கரோஸ் போன்ற 10ஆம் நூற்றாண்டு இடுகாடுகளில் கிடைக்கும் மண்டையோடுகளில், உட்செவியைப் பொதிந்திருக்கும் கெட்டியான எலும்பைத் தேர்ந்தெடுங்கள், பழைய டி.என்.ஏ. பெரும்பாலும் அங்கேதான் நன்றாக எஞ்சியிருக்கும். பழைய டி.என்.ஏ. இழைகளின் முனைகளில் சைட்டோசின் என்ற 'எழுத்து' சிதைந்திருப்பதால், டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவி அதைத் தைமின் என்ற வேறோர் எழுத்தாகப் படிக்கும். இந்தப் பழுது தென்படாவிட்டால், நீங்கள் படித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் தோண்டியவரின் டி.என்.ஏ.வாக இருக்கும்!

தாய்வழியை மைட்டோகாண்ட்ரியாவும் தந்தைவழியை ஒய் குரோமோசோமும் காட்டும். இவை ஒவ்வொன்றும் ஒற்றை வழியை மட்டுமே சொல்லும் என்பதற்கு ஆர்பாத் வம்சமே சாட்சி. 1848இல் ஹங்கேரியின் செகேஷ்ஃபெஹேர்வார் நகரில் கண்டெடுக்கப்பட்ட, அவ்வம்சத்து மூன்றாம் பேலா மன்னரின் எலும்புகள் ஆர்1ஏ (R1a) என்ற தந்தைவழிக் குழுவைச் சேர்ந்த ஒரு கிளையைக் காட்டின. அதன் நெருங்கிய உறவுகள் ஊரல் பகுதியில் வாழும் பாஷ்கிர் மக்களிடம் உள்ளன. மன்சியரோடு தொடர்புபடுத்தப்படும் தந்தைவழிக் கிளையோ 'என்' (N) என்ற வேறு குழுவைச் சேர்ந்தது. மன்னரை மட்டும் சோதித்திருந்தால் அந்த வழி கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே முழு மரபணுத்தொகுதியையும் படித்து, மன்சியர், பாஷ்கிர்கள், புல்வெளிப் பழங்குடியினர், அண்டை ஐரோப்பியர் ஆகியோரோடு ஒப்பிட வேண்டும். 2022இல் வெளியான ஓர் ஆய்வு இப்படித்தான், குடியேறிய மேட்டுக்குடியினரின் மரபில் ஏறத்தாழ பாதி மன்சியரை ஒத்தது என்றும், மீதி புல்வெளிப் பழங்குடியினரான சர்மாத்தியர், ஹூணர் வழி வந்தது என்றும் கணித்தது. இதில் 'மேட்டுக்குடியினர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். குதிரையின் தலையோடும் கால்களோடும் புதைக்கப்பட்ட வீரர்களின் கல்லறைகள் எளிதில் கண்ணில் படுவதால் மாதிரிகள் அவர்கள் பக்கமே சாய்ந்துவிடுகின்றன. அணிகலன் ஏதுமின்றிப் புதைக்கப்பட்ட அக்காலத்துச் சாமானியரின் எலும்புகளையும் அதே எண்ணிக்கையில் சேர்க்காமல் முடிவை எழுதத் தொடங்காதீர்கள்.