பேச்சிழந்தவரோடு பேச

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் சொம்பைப் பார்த்து "சாவி, சாவி" என்றார். ஓடிப்போய் பீரோ சாவியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதை வீசி எறிந்துவிட்டு அழுதார். பார்க்க வந்தவர்கள் "புத்தி கலங்கிவிட்டது" என்று அவர் காதுபடவே பேசினார்கள். கலங்கவில்லை. பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், முதலில் இதை உறுதியாக நம்புங்கள்.

1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் லெபோர்ன் என்ற நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் "டான்" என்பதுதான் வரும். ஆனால் பிறர் சொல்வது பெரும்பாலும் புரிந்தது. சில நாளில் அவர் இறந்தார்; மூளையைப் பார்த்தபோது இடப்பக்க முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருந்தது. மனம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அது மூளையின் பல இடங்கள் கூடிச் செய்யும் வேலை என்பதை நான் அப்பாவிடம்தான் கண்ணால் கண்டேன். பேச்சு போயிற்று, கோபம், மானம், கணக்கு, பேத்திமேல் பாசம் எதுவும் போகவில்லை.

பேச உட்காரும்போது டிவியை அணைத்துவிடுங்கள். முகத்துக்கு நேரே அமர்ந்து, சிறு வாக்கியமாக ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள். சிலருக்குக் கேட்பதைப் புரிந்துகொள்ளும் இடமும் அடிபட்டிருக்கும். சத்தம் போட வேண்டாம், காதில் குறையில்லை. "என்ன வேண்டும்?" என்பதைவிட, காபித் தம்ளரையும் சொம்பையும் காட்டி "இதுவா, அதுவா?" என்பது நல்லது. 'ஆமாம்', 'இல்லை' என்ற சொற்களே இடம் மாறி வரலாம். அதனால் தலையசைப்பையும் கையையும் பாருங்கள்.

பிறகு காத்திருங்கள். எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். சொல் அவர் தொண்டைவரை வந்து நிற்கும்போது நாம் முந்திக்கொண்டு முடித்துவைத்தால், அவர் முயற்சியையே விட்டுவிடுவார். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள்.

வரிசையாகப் பழகியவை பலருக்கு அழியாமல் தங்கிவிடுகின்றன: எண்கள், கிழமைகள், தினமும் பாடிய பாட்டு. அப்பாவிடம் டாக்டரிடம் போகும் நாளைக் கேட்டால் வாய் திறக்காது. "ஞாயிறு" என்று நான் எடுத்துக்கொடுத்தேன். "திங்கள், செவ்வாய், புதன்" என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், அங்கே நிறுத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். புதன்தான்.

பேச்சுப் பயிற்சியாளரைத் தாமதிக்காமல் பாருங்கள். மாதங்கள் கழிந்த பின்னும் முன்னேற்றம் உண்டு. வீட்டுக் காரியங்களில் அவரை ஒதுக்காதீர்கள். தங்கை மகளின் காதுகுத்துக்கு எவ்வளவு மொய் எழுதலாம் என்று அப்பாவிடமே கேட்டேன். ஐந்து விரலை விரித்துக் காட்டினார். ஐந்நூறா என்றேன். முறைத்தார். ஐயாயிரம்.