அவிச்ச பயறு ஏன் முளைக்காது? வீட்டு வராந்தாவில் சோதித்துப் பார்க்கும் வழி

களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டு வராந்தாவில் சாயங்காலம் பத்துப் பிள்ளைகள் வரை படிக்க வருவார்கள். அதில் இரண்டு பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் மலையாளத்தில் படிப்பவர்கள். ஒருநாள் எல்லோருக்கும் கஞ்சியும் பயறும் கொடுத்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பயறை விரலில் எடுத்துக் காட்டி, "டீச்சரே, இதை நட்டா முளைக்குமா?" என்று கேட்டான்.

"அவிச்சது எப்படி மக்ளே முளைக்கும்?"

"அதுக்குள்ள இருந்ததெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு?"

முப்பது வருடம் உயிரியல் நடத்தியவள் நான். ஆனாலும் அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதிலிருந்து உயிரினங்களின் தேவைகள், உயிர் மூலக்கூறுகள் (மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், டிஎன்ஏ) என்ற இரண்டு பாடத்தையும் ஒரு பிடி சிறுபயறை வைத்தே தொடங்குகிறேன். வீட்டில் பிள்ளைகளை வைத்து நீங்களும் செய்யலாம்.

ஆறு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எண்ணி இருபது பயறு போடுங்கள். எண்ணிப் போட்டால்தான் பிறகு எத்தனை முளைத்தது என்று கணக்குச் சொல்ல முடியும். முதல் டம்ளரில் ஈரப் பஞ்சு. பஞ்சு நனைந்திருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டாவதில் காய்ந்த பஞ்சு. மூன்றாவதில் பயறு மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, மேலே விரல்கனத்துக்கு எண்ணெய் விட்டு மூடுங்கள். நான்காவது, ஈரப் பஞ்சோடு ஃபிரிட்ஜுக்குள். ஐந்தாவது, ஈரப் பஞ்சோடு இருட்டு அலமாரிக்குள். ஆறாவதில் பத்து நிமிடம் அவித்து ஆறவைத்த பயறை ஈரப் பஞ்சில் வையுங்கள்.

மூன்றாவது டம்ளருக்கான தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆற்றிய பிறகே ஊற்ற வேண்டும். முதல் தடவை நான் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். இரண்டு மூன்று பயறு முனை விட்டதும் பிள்ளைகள் "காத்து வேண்டாம் போல" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தண்ணீரில் கரைந்திருந்த காற்றே அந்த முனைக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. கொதிக்கவைத்தால் அது வெளியேறிவிடும்.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றாவதும் ஐந்தாவதும் முளைத்திருக்கும். இருட்டில் வளர்ந்தது வெளிறி, வெளிச்சத்தில் இருந்ததைவிட நீண்டிருக்கும். முளைக்கும்போது பயறுக்கு வெளிச்சம் தேவையில்லை. அது தன் இரண்டு பருப்பிலும் சேர்த்து வைத்திருக்கிற உணவைத் தின்கிறது. அந்தச் சேமிப்பு தீருவதற்குள் பச்சை இலை வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் செடி செத்துவிடும். காய்ந்த பஞ்சில் எந்த மாற்றமும் இருக்காது. மூழ்கியதும் ஃபிரிட்ஜில் இருந்ததும் ஊதிப்போய் அப்படியே நிற்கும். தண்ணீர், காற்று, உணவு, தோதான சூடு. உயிருக்கு வேண்டியது என்று பாடத்தில் இருப்பதெல்லாம் இந்த டம்ளர்களில் வந்துவிட்டது.

அவித்த பயறும் நன்றாக ஊதித்தான் இருக்கும், ஆனால் நான்காம் நாள் நாற ஆரம்பிக்கும். ஊறிப் பெருப்பதை வளர்ச்சி என்று பிள்ளைகள் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் டம்ளரை வெளியே எடுத்து வையுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து அந்தப் பையனின் கேள்வி. உள்ளே இருந்தது உள்ளேயே இருக்கிறதா? மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடும், அயோடின் கலந்த பெட்டாடின் திரவம் வாங்கி, லேசான கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறம் வரும்வரை தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஊறிய பச்சைப் பயறு ஒன்றையும் அவித்த பயறு ஒன்றையும் பிளந்து ஒவ்வொரு சொட்டு விடுங்கள். இரண்டும் கருநீலமாகும். அயோடின் மாவுச்சத்தில் பட்டால் வரும் நிறம் அது. அப்படியானால் மாவுச்சத்து இரண்டிலும் இருக்கிறது. அயோடின் பட்ட எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கையில் அயோடின் இருக்கும்போதே மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) துண்டிலும் ஒரு சொட்டு விடுங்கள். மை கொட்டினதுபோல் ஆகிவிடும். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கால்தான். குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்ததுதான் மாவுச்சத்து என்று சொல்லும்போது நான் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வேன், அப்போதுதான் அந்தச் சங்கிலியின் மதிப்பு தெரியும். பிள்ளைகளைப் பச்சைக் கிழங்கைக் கடிக்க விடாதீர்கள். அதில் சயனைடை வெளிவிடும் சத்து உண்டு, அதனால்தான் அவித்த தண்ணீரைக் கொட்டுகிறோம். அப்புறம் ஏத்தங்காய் (நேந்திரங்காய்), நன்றாகக் கனிந்த மட்டி வாழைப்பழம் இரண்டிலும் சொட்டு விட்டு ஒப்பிடுங்கள். காயில் கறுக்கும், பழத்தில் அவ்வளவாக நிறம் மாறாது. பழுக்கும்போது சங்கிலி அறுந்து சர்க்கரையாகிறது.

கொழுப்பு சுலபம். தேங்காய்த் துண்டையோ நெய்ச்சாளை மீனையோ பழுப்புத் தாளில் தேய்த்துக் காயவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தண்ணீர்க் கறை மறைந்துவிடும், எண்ணெய்க் கறை கண்ணாடிபோல் நிற்கும். ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கிற வேலியும் கொழுப்பு வகைதான், இரண்டடுக்காக. பீட்ரூட்டை நறுக்கி, சிவப்பு வடிவது நிற்கும்வரை கழுவுங்கள். ஒரு துண்டைப் பச்சைத் தண்ணீரிலும் ஒன்றைக் கொதிக்கும் தண்ணீரிலும் போடுங்கள். சூட்டில் அந்த வேலி உடைந்து நிறம் கொட்டுவது கண்ணுக்குத் தெரியும்.

புரதத்தில்தான் பையனுக்கான முக்கியப் பதில் இருக்கிறது. ஒரு முட்டையின் வெள்ளையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் காட்டுங்கள். பிறகு வாணலியில் ஊற்றுங்கள். வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை, ஆனாலும் தெளிந்திருந்தது வெள்ளையாக இறுகிவிட்டது. ஆறவைத்தாலும் திரும்பாது. அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட இழை, குறிப்பிட்ட விதமாக மடிந்திருந்தால்தான் புரதம் வேலை செய்யும். சூடு அந்த மடிப்பைக் கலைத்துவிடுகிறது. பயறில் தண்ணீர் பட்டதும் மாவுச்சத்தை அறுத்துச் சர்க்கரையாக்குகிற நொதிகளும் புரதங்களே. அவித்த பயறில் மாவு இருக்கிறது, அதை அறுக்க ஆளில்லை.

இந்த இடத்தில் புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனைச் சொல்லாமல் நான் நகர்வதில்லை. 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1950களின் நடுவில் காட்டினார். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் கட்டியாவது அந்தக் கயிறு பிரிந்து கரைந்ததால்தான்.

கடைசியாக, பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற டிஎன்ஏ. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை நன்றாக மூடி ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரு மட்டிப்பழத்தை மசித்து, அரை டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து நுரை வராமல் கலக்குங்கள். சோப்பு அந்தக் கொழுப்பு வேலியை உடைக்கும். பத்து நிமிடம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டி, வடிந்ததன் மேல் அதே அளவு குளிர்ந்த ஸ்பிரிட்டை டம்ளரின் ஓரமாக மெதுவாக வழியவிடுங்கள். அசைக்காதீர்கள். சிறிது நேரத்தில் இரண்டும் சேருமிடத்தில் வெள்ளை நூல்கள் எழும். அது சுத்தமான டிஎன்ஏ இல்லை, பழத்தின் பெக்டின் என்ற பசைச்சத்தும் புரதமும் டிஎன்ஏவுக்கு உறவான ஆர்என்ஏவும் கலந்திருக்கும். இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். 1869இல் ஃப்ரீட்ரிஷ் மீஷர் முதன்முதலில் இதைப் பிரித்தெடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியில் ஒட்டியிருந்த சீழிலிருந்து என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

இவ்வளவும் முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் வெளியே எடுத்து வைத்த ஃபிரிட்ஜ் பயறு முளைத்திருக்கும். அது சாகவில்லை, குளிரில் காத்திருந்திருக்கிறது. அவித்ததற்கு அந்த வாய்ப்பு இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து அந்தப் பையனிடம் காட்டினேன். அவன் உடனே அடுத்ததைக் கேட்டான்: "எத்தனை நிமிசம் அவிச்சா சாகும் டீச்சரே?" கால் நிமிடம், அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று தனித்தனியாகக் கொதிநீரில் போட்டெடுத்து, தலைக்கு இருபது பயறு எண்ணிக் கொடுத்தேன். நீங்களும் டம்ளர்மேல் நேரத்தை எழுதி ஒட்டி, மூன்று நாள் எண்ணிப் பாருங்கள்.