ஸ்கேன் எடுத்தாச்சு, ரிப்போர்ட் வரவில்லை: இடைப்பட்ட நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேன் எடுப்பது பெரும்பாலும் அரை மணி நேர வேலை. ரிப்போர்ட் கைக்கு வந்து, டாக்டர் அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும் வரை போகிற நாட்கள்தான் ஆளை உருக்கிவிடும். அந்த நாட்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நம் ஆட்கள் செய்கிற தவறுகளில் பாதி ஒரே வகைதான்: பதில் சொல்ல முடியாதவரிடம் பதில் கேட்பது.

முதலில் மாட்டுபவர் டெக்னீஷியன். "அண்ணா, ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்போம். "ரிப்போர்ட்ல வரும்" என்பார். உடனே அவர் முகத்தை ஆராய ஆரம்பித்துவிடுவோம். சிரிக்கவில்லையே, அப்போ ஏதோ இருக்கிறது! படம் எடுப்பதுதான் அவர் வேலை, முடிவு சொல்வது அல்ல. காலையிலிருந்து டோக்கன் கூப்பிட்டுக் களைத்தவர் சிரிக்காமல் இருக்க வேறு காரணமே வேண்டாம். மறுபடி உள்ளே கூப்பிட்டாலும் பதறத் தேவையில்லை. எம்ஆர்ஐ எடுக்கும்போது கொஞ்சம் அசைந்தாலே படம் கலங்கிவிடும், திரும்ப எடுப்பார்கள். நரம்பில் மருந்து ஏற்றி இன்னொரு சுற்று எடுப்பதும் பல ஸ்கேன்களில் வழக்கம்தான்.

அடுத்தது, தாமதத்துக்கு அர்த்தம் கற்பிப்பது. ஒரு சிடி ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து, பழைய ஸ்கேன் இருந்தால் அதோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். நடுவில் தொப்பூர் கணவாயில் விபத்து என்று ஒருவரைக் கொண்டுவந்தால் அந்தத் தலை ஸ்கேனைத்தான் முதலில் பார்ப்பார்கள், உங்களுடையது பின்னால் போகும். போகத்தான் வேண்டும். உடனே கவனிக்க வேண்டியது ஏதாவது கண்ணில் பட்டால், ரிப்போர்ட் அச்சாவதற்கு முன்பே உங்களை அனுப்பிய டாக்டருக்குப் போன் போவதுதான் வழக்கம். சதை எடுத்து அனுப்பும் பயாப்சி இன்னும் மெதுவானது. கெடாமல் இருக்க ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றித்தான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கூடுதல் சாயப் பரிசோதனை கேட்டால் மேலும் சில நாட்கள் ஆகும். கட்டி சாதாரணமானதுதான் என்று உறுதி செய்துகொள்ளவும் அதைக் கேட்பதுண்டு.

அதனால் கவுண்டரை விட்டு நகரும் முன்பே கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? நேரில் வர வேண்டுமா, போனுக்கு வருமா? எந்த எண்ணில் விசாரிப்பது? துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. அந்தத் தேதி தாண்டினால் தயங்காமல் கூப்பிடுங்கள். "வந்தா அவங்களே சொல்வாங்க" என்று சும்மா இருப்பதும் தவறுதான். ரிப்போர்ட் மேசையில் கிடக்க, நாம் வீட்டில் தூக்கம் கெட்டுக் கிடப்போம்.

இனி வாட்ஸ்அப் சமாச்சாரம். கவரைக் கிழித்து, பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் ரிப்போர்ட்டை விரித்து, காற்றில் பறக்காமல் டீ கிளாஸை ஓரத்தில் வைத்துப் போட்டோ எடுப்போம். அது பெங்களூரில் பார்மசி படிக்கும் மச்சான் மகனுக்குப் போகும். அவன் கூகுளைப் புரட்டிவிட்டு, "ஒன்னும் பயப்படாதீங்க மாமா, எதுக்கும் பெரிய டாக்டரா ஒருத்தரப் பாத்துடுங்க" என்பான். மாமா காதில் விழுவது பின்பாதி மட்டும்.

மார்பக ஸ்கேனில் இது படுத்தும் பாடு தனி. மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் பைராட்ஸ் (BI-RADS) என்று போட்டு ஓர் எண் இருக்கும்; படத்தில் பார்த்தது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் குறியீடு அது. 3 என்று இருந்தால் "மூணாவது ஸ்டேஜாம்" என்று வீடே அழ ஆரம்பித்துவிடுகிறது. அந்த எண்ணுக்கும் புற்றுநோய் ஸ்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை. பைராட்ஸ் 3 என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லாதது, புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, சுமார் ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்றுதான் பொருள். 0 என்றால் ஒன்றுமில்லை என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. பரிசோதனை முடியவில்லை, கூடுதல் படமோ பழைய ஃபிலிமோ வேண்டும் என்கிறார்கள். 4, 5 வந்தால் வழக்கமாக பயாப்சி உண்டு, அதைத் தள்ளிப்போடக் கூடாது. முதுகு ஸ்கேனும் இப்படித்தான். வயதானால் வலியே இல்லாதவர்களுக்கும் டிஸ்க் தேய்மானம் தெரியும். அதைக் காகிதத்தில் படித்த அன்றைக்கே சிலருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்!

"இங்க வேண்டாம், பெங்களூர் போயிடலாம்" என்று ரிப்போர்ட் வருவதற்குள் கிளம்புவது ஓசூர்ப் பக்கம் அதிகம். தருமபுரிக்காரர்கள் சேலத்துக்கு ஓடுவார்கள். இன்னொரு டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அதே ஸ்கேனை அங்கே புதிதாக எடுப்பது பல சமயம் வீண் செலவு, சிடி ஸ்கேன் என்றால் கூடுதல் கதிர்வீச்சும் சேரும். ஃபிலிமோடு, படங்களைப் பதிந்து தரும் கம்ப்யூட்டர் தட்டையும் (CD) கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும், தட்டில்தான் முழுதும் இருக்கும். அதையே இன்னொரு ரேடியாலஜிஸ்ட் பார்த்துச் சொல்ல முடியும்.

அதியமான்கோட்டை காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியன்று பூசணி விளக்கு ஏற்றப் போகிறீர்களா, தாராளமாகப் போங்கள், மனசு லேசாகும். ஆனால் "அமாவாசை போகட்டும்" என்று டாக்டரைப் பார்க்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாமல் வீட்டார் மட்டும் அடுப்படியில் கூடிக் கிசுகிசுப்பதை நான் ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்மா வந்ததும் பேச்சு நின்றால் அம்மாவுக்குப் புரியாதா? "இன்னும் ரிப்போர்ட் வரலம்மா, வியாழக்கிழமை வரும், சேர்ந்தே போலாம்" என்று சொன்னால் போதும். மணிக்கொரு தரம் "என்னாச்சு?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு ஒருவர் மட்டும் பதில் சொல்லட்டும். ராத்திரி தூக்கமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்றால் 14416-க்குக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கவலையில் மாத்திரையை நிறுத்துவது அடுத்த தவறு. மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுக்கும்போது, சிறுநீரகக் கோளாறு உள்ள சர்க்கரைக்காரர்களை மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தச் சொல்வதுண்டு. மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்று கேட்காமல் வந்து, ரிப்போர்ட் வரட்டும் என்று வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது, சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள். பிரஷர் மாத்திரையையும் இப்படி நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாத சங்கதிகளும் உண்டு. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, பேச்சு குழறுவது, வலிப்பு, நிற்காத ரத்தப்போக்கு. "ரெண்டு நாள்ல ரிப்போர்ட் வந்துடும், பாத்துக்கலாம்" என்று இதற்கெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, பழைய சீட்டுகளையும் ஸ்கேன் எடுத்த ரசீதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ரசீது எண் இருந்தால் படங்களை அங்கிருந்தே கேட்டு வாங்குவது சுலபம்.