எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து 14 வருடம் ஆகிறது. ஹெபடைட்டிஸ் பி-யும் (பி, சி இரண்டுமே கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள்) இருக்கிறது என்பது ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தேன். மாத்திரை வாங்க ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன். அப்புறம் சோறு கொதிக்கும் வாசம் பட்டாலே குமட்டல், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது, கண் மஞ்சளாகிவிட்டது. அக்கா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். ஒரு வாரம் குடித்தும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த பிறகுதான் டாக்டர் விளக்கினார். நான் எச்.ஐ.வி.க்குச் சாப்பிட்ட மாத்திரையில் இருந்த டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் பி வைரஸையும் அடக்கி வைத்திருந்தன. நிறுத்தியதும் அது கிளம்பிக் கல்லீரலைத் தாக்கிவிட்டது.

அதனால், அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி. மாத்திரை தரும் சிகிச்சை மையம்) போகும்போது "பி, சி இரண்டுக்கும் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று நீங்களே கேளுங்கள். எச்.ஐ.வி. பரவும் ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவம் ஆகிய வழிகளில்தான் இவையும் பரவுகின்றன. சி பெரும்பாலும் ரத்தம் வழியாக வரும். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பி இருந்தால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளையும் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

பி இல்லை என்று வந்தால் தடுப்பூசி கேளுங்கள். வழக்கமாக இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. நம் உடம்பில் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பதால் இரட்டை டோஸாகக்கூடப் போடுவார்கள். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

பி இருக்கிறது என்று வந்தால், என் மாதிரி செய்யுங்கள்: சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "ஹெபடைட்டிஸ் பி உண்டு" என்று எழுதிவிடுங்கள். பின்னாளில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறினால் டெனோஃபோவிரை மாற்றச் சொல்வார்கள். மாற்றலாம், ஆனால் பி-யை அடக்கும் வேறு மருந்து இல்லாமல் மாற்றக் கூடாது. லாமிவுடின் மட்டும் போதாது. நாளடைவில் வைரஸ் அதற்குப் பழகிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்.

சி வேறு கதை. அதற்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் முழுசாகக் குணமாகும். முதல் டெஸ்டில் பாசிட்டிவ் என்றால் பயப்படாதீர்கள், சிலருக்குத் தானாகவே போயிருக்கும். ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று இன்னொரு டெஸ்ட் எடுப்பார்கள். இருந்தால் பெரும்பாலோருக்கு சோஃபோஸ்புவிர், டக்ளாடாஸ்விர் மாத்திரைகள் 12 வாரம்; கல்லீரல் சுருங்கியிருந்தால் இன்னும் கூடும். எங்கள் குழுவில் ஒரு அண்ணன், மாத்திரை போட்ட பிறகுதான் தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பார். 84 தாள். ஒருநாள்கூடத் தவறவில்லை.

தொடங்கும் முன் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எச்.ஐ.வி. மாத்திரையான எஃபாவிரென்ஸ் சாப்பிட்டால் டக்ளாடாஸ்விர் அளவைக் கூட்ட வேண்டும். டி.பி.க்கான ரிஃபாம்பிசின் இதோடு சேரவே சேராது. பி-யும் இருந்தால் அதற்கான மருந்து நிற்கக் கூடாது, சி போகும்போது பி தலைதூக்கும். முடித்து 12 வாரம் கழித்து எடுக்கும் டெஸ்டில் வைரஸ் இல்லையென்றால் குணம். முதல் டெஸ்ட் மட்டும் அதன் பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஆனால் மறுபடி தொற்றலாம். ஊசியையோ ரேசரையோ பகிர வேண்டாம்.

மதுவை அடியோடு விடுங்கள். கீழாநெல்லி குடிக்க ஆசையென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு வெளியூர் போகிறீர்களா? கிளம்பும் முன் மையத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போகிற ஊரிலேயே மாத்திரை வாங்க வழி செய்து கொடுப்பார்கள். 1097-க்கு போன் செய்தும் கேட்கலாம், பைசா செலவில்லை. திருப்பூருக்கு பஸ் ஏறிய அன்று எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.